பெரட்டுக்கு வந்த நோய்

(ஈப்போவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'நோயும் இல்லறமும்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்ட என் மகள், "நீங்கள் எப்போதப்பா டாக்டர் ஆனீர்கள்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே. நான் வைத்திய சாஸ்திரம் பயின்றவன் அல்லன். முப்பத்து மூன்று ஆண்டுக் காலம் இந்தப் பேராக் மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். அவற்றுள் பிந்திய பத்தொன்பது ஆண்டுகளை, நம் மக்கள் இனிப்பு நீர் என்று சொல்லும் நீரிழிவு வியாதியைத் தேகத்தில் சுமந்துகொண்டு, மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டு கழித்தவன்; அவற்றின் முதல் ஆறு ஆண்டும் ஒரு நாளும் தவறாமல் பள்ளி மணிக்கு முன்னால் போய் நின்றவன். 'ஒரு நாளும் தவறாமல்' என்று சொல்லும்போது நெடுங்காலம் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் எனக்கு எங்கிருந்து வந்தது, அதற்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதே இன்றைய விஷயம்.

நோய்களில் விருந்தாளிகளும் உண்டு, பங்காளிகளும் உண்டு. காய்ச்சல், பேதி, அம்மை முதலியவை விருந்தாளிகள். எத்தனை தொல்லை கொடுத்தாலும் ஒரு நாள் மூட்டை கட்டிவிடுவார்கள். விதி அப்படியிருந்தால் நம்மையும் உடன் அழைத்துக்கொண்டு போவார்கள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, மூட்டு வாதம், சிறுநீரகக் கோளாறு ஆகியவையோ பங்காளிகள். சம்பளத்தில் ஒரு பங்கும், அடுக்களையில் ஒரு பங்கும், இரவுத் தூக்கத்தில் ஒரு பங்கும் எடுத்துக்கொண்டு, நாம் கண்ணை மூடும் வரையில் வீட்டை விட்டுப் போகாதவர்கள். விருந்தாளி வந்தால் நடந்துகொள்ள நம்மவர்களுக்கு முறை தெரியும்: ரசம் வைப்பார்கள், வேப்பிலை செருகுவார்கள், அண்டை வீட்டார் ஆரஞ்சுப் பழமும் மைலோ டின்னும் ஏந்திக்கொண்டு பார்க்க வருவார்கள். பங்காளி வந்து குடியேறிய இருபதாவது ஆண்டில் மைலோ டின்னோடு யார் வருவார்கள்? (இனிப்பு நீர்க்காரனுக்கு மைலோ கொண்டுவருவது தனி விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.)

நம்முடைய இலக்கியங்கள் போற்றும் நோய்க் கதைகளும் பெரும்பாலும் விருந்தாளிக் கதைகளே. திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்தது, இரவோடு இரவாகத் தமக்கையார் திலகவதியாரை நாடிப் போனார், திருவதிகையில் திருநீறு பெற்றார், பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று. சேக்கிழார் வாக்கில் அதைக் கேட்டு உருகாதவர் இல்லை, நானும் உருகுகிறவன்தான். ஆனால், சூலை நீங்காமலே, அதை வயிற்றில் வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு ஏர் பிடித்து, பெண்ணுக்கு மணம் முடித்து, பேரன் முகம் பார்த்துச் செத்துப்போன ஓர் உழவனுடைய புராணத்தை எவரும் பாடவில்லை.

அப்படிப்பட்டவன் முற்காலத்தில் அபூர்வம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன், சிறு வயதில் நீரிழிவு கண்ட குழந்தைக்கு வைத்தியர்கள் செய்ய முடிந்ததெல்லாம் ஆகாரத்தைக் குறைத்துக்கொண்டே போய் மரணத்தைச் சிறிது தள்ளிப்போடுவதுதான். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அந்த ஊசி போடப்பட்டது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தான். சாக இருந்தவனைக் காத்த அந்த ஔஷதம் அவனைக் குணப்படுத்தவில்லை. நோயோடு வாழ்வது என்னும் அவஸ்தை விஞ்ஞானத்தின் தோல்வியால் வந்ததன்று, அதன் வெற்றியால் வந்தது. ஆண்டுகளை வழங்கிய விஞ்ஞானம், அந்த ஆண்டுகளில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது யார் என்பதை மட்டும் நம்மிடமே விட்டுவிட்டது.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில். இன்று அங்கே கித்தாவும் இல்லை, லயமும் இல்லை, செம்பனை நிற்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அந்தத் தோட்டங்களின் வைத்தியம் காய்ச்சலை முன்னிட்டு ஏற்பட்ட வைத்தியம். காட்டை அழித்துக் கித்தா நட்டபோது, நிழல் நீங்கி வெயில் விழுந்த மலையோடைகளின் தெளிந்த நீரிலேயே மலேரியாக் கொசு பெருகிற்று. 1901-இல் மால்கம் வாட்சன் என்னும் டாக்டர் கிள்ளானில் சதுப்பு நீரை வடிக்கத் தொடங்கினார். பின்னர் மலைத் தோட்டங்களில் ஓடைகளையே பூமிக்கடியில் குழாய் வழி ஓடவிட்டார்கள். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தடவிப் பார்த்தே ஒரு தோட்டத்தின் காய்ச்சலை அளந்தார்கள். எத்தனையோ உயிர்கள் அந்த முயற்சியால் பிழைத்தன; அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்த வைத்தியத்தின் இலட்சியம் விழுந்த ஆளைத் தூக்கி மறுபடி பெரட்டில் நிறுத்துவதே.

பெரட்டு என்றால் என்னவென்று இங்கே இருக்கும் இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பொழுது விடியுமுன் தோட்டத்து ஆட்களெல்லாம் களத்தில் வரிசையாக நிற்க, கிராணி என்னும் எழுத்தர் செக்ரோல் என்னும் வருகைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் புத்தகத்தில் ஒரு மனிதனுக்கு இரண்டு நிலைதான்: வந்தான், அல்லது வரவில்லை. வந்தவனுக்குக் கூலி, வராதவன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் அல்லது சோம்பேறியாக இருக்க வேண்டும். பாதி உடம்போடு வந்தவனைக் குறிக்க அதில் கோடு கிடையாது.

என் தாயார் பாதி உடம்போடு வந்தவள். நான் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தது. அன்றைக்கு விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஏது? தோட்டத்து டிரஸ்ஸர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திராவகத்தை எடுத்து, அதில் சில துளி சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைப்பார். நீலம் நீலமாகவே இருந்தால் க்ஷேமம். பச்சையாக மாறினால் சர்க்கரை கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமாகத் திரிந்துவிட்டால் டிரஸ்ஸர் ஒன்றும் பேசாமல் குழாயைக் கவிழ்த்துக் கழுவத் தொடங்கிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் தன் சரீரத்தின் கணக்கை இப்படி நிறங்களில் படித்தாள். மாலையில் என் தந்தையார், "இன்னைக்கு என்ன கலர்?" என்று கேட்பார். "பச்சைதாங்க" என்பாள். செங்கல் கண்ட நாளிலும் அவளுக்குப் பச்சைதான். அந்தப் பொய்யை அவள் எங்களுக்காகச் சொன்னாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பெரட்டுக்காகவும் சொன்னாள் என்பது, நானே அந்தப் பொய்யைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் விளங்கிற்று.

கித்தாப் பால் வெட்டு என்பது இருட்டிலே தொடங்குகிற வேலை. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். நாலரை மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, கால் வயிற்றுக்கு வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறவள், நிரை முழுவதும் வெட்டி முடித்துப் பசியாற உட்காரும்போது பத்து மணி ஆகிவிடும். இடையில் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டும்போது ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாளாம். மடியில் முடிந்துவைத்த சீனியைத் துழாவி வாயில் போட்டுக்கொள்வாளாம். இதைப் பக்கத்து நிரைக்காரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் உடைந்த பால் மங்கின் சில்லு அவளுடைய பழைய சப்பாத்தைத் துளைத்துப் பாதத்தில் ஏறிற்று. அவளுக்கு வலி தெரியவில்லை. இந்த நோய் கால் நரம்புகளை மரக்கடிக்கும் என்பதை அன்று எங்களில் யாரும் அறியோம். சாயங்காலம் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தபோது இரத்தம் கொட்டிற்று. துணியைச் சுற்றிக்கொண்டு இன்னும் ஒன்பது நாள் பெரட்டுக்குப் போனாள். பத்தாம் நாள் ஆஸ்பத்திரி. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது பால் வெட்டு போயிற்று. குறைந்த கூலிக்கு வெளிக்காட்டில் புல் வெட்டப் போனாள்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். கித்தா மரத்தைத் தினந்தோறும் வெட்டமாட்டார்கள். இன்று வெட்டிய நிரையை நாளைக்கு விட்டுவிடுவார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டுமேயன்றி உள்ளிருக்கும் உயிர்த் தோலைத் தொடலாகாது. இலையுதிர் காலத்தில் மரத்துக்கு ஓய்வும் உண்டு. அளவுக்கு மீறி வெட்டினால் பால் வற்றிப் பட்டை காய்ந்துபோகும் என்பது எந்தத் துரைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். மரத்தின் தேகதத்துவத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்த அந்த நிர்வாகத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்னும் சலுகை மரத்துக்கு இருந்ததே ஒழிய மரத்தை வெட்டியவளுக்கு இல்லை. அவள் மறுநாள் அடுத்த நிரைக்குப் போனாள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின, நாம் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் பெயர்தெரியாத தாமான் குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்தோம். வியாதியும் கூடவே வந்தது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். இனவாரியாகப் பார்த்தால் முதல் ஸ்தானம் இந்தியர்களாகிய நமக்கு. அந்த ஆய்வில் நம்மில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வந்து சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அங்கே கொண்டுவந்து விடுவதும் இந்த வியாதிதான். காரணங்கள் பல: பரம்பரை, சோறு, கட்டிப்பால் கலந்த தே தாரிக், நடந்த கால்கள் மோட்டார் சைக்கிளில் ஏறியது. அவற்றைப் பற்றிப் பேசுவதற்குக் கிளினிக்குகளில் சுவரொட்டிகள் இருக்கின்றன. நான் பேச வந்தது செக்ரோலைப் பற்றி. தோட்டத்தை விட்டு வந்தபோது பானை சட்டியோடு அதையும் நாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

1989-இல் எனக்கு நோய் என்று தெரிந்தது. கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே பள்ளியில் யாருக்கும் சொல்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். ஆறு ஆண்டு சொல்லவில்லை. காலை மாத்திரையும் பின்னாளில் காலை ஊசியும் பத்து மணிக்குக் கிளப்பும் பசியைப் பிறர் அறியாதபடி ஆசிரியர் கழிப்பறையில் நின்றுகொண்டே இரண்டு பிஸ்கட்டில் தீர்த்தேன். கையில் சாக்குக்கட்டியும் வாயில் பிஸ்கட்டுத் தூளுமாக வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்த அந்தக் காலத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. ஆண்டு இறுதியில் விடுப்பே எடுக்காத ஆசிரியர் என்று பாராட்டினார்கள். கண்ணின் உள்திரையில் இரத்தம் கசிந்து, கரும்பலகையில் நானே எழுதிய எழுத்தின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருப்பது போலத் தெரிய ஆரம்பித்ததும், விரட்டினாலும் அந்த ஈ போகாததும் அதே ஆண்டில்தான்.

லேசர் வைத்தியத்துக்கு விடுப்புக் கேட்க வேண்டியதாயிற்று. தலைமை ஆசிரியர் அறைக்குள் நான் நின்றுகொண்டு, குற்றம் செய்தவனைப் போல, ஆறு ஆண்டு மூடிவைத்ததைச் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார். அதில் எனக்குத் தரும் அதே மாத்திரை இருந்தது. பக்கத்தில் ஒரு பொட்டலம் கிரீம் கிராக்கர். அவர் பதினோரு ஆண்டு ஒளித்தவர்; என்னைவிட மூத்தவர் அல்லவா! பிறகு பாட அட்டவணையை எடுத்தார். பத்து மணிப் பாடத்தைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பன்னிரண்டுக்கு மாற்றினார். என் ஒரு கண்ணில் பாதிப் பார்வையின் விலை அந்தப் பென்சில் கோடுதான்.

சட்டமும் நெடுங்காலம் செக்ரோலைப் போலவே இருந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். விருந்தாளி நோய்க்கு இது போதும். மறு கோடியில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. அதற்கு, வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலைக்கு ஒருவர் வந்திருக்க வேண்டும். சந்தா செலுத்திய தொழிலாளிக்குச் சொக்சோ இரத்தச் சுத்திகரிப்புச் செலவை ஏற்பதும் உண்டு. அது பெரிய தர்மம். ஆனால் இருபத்திரண்டு நாளுக்கும் மூன்றிலொரு பங்குக்கும் நடுவே உள்ள அந்த நீண்ட வெளியில்தான் நம்மில் பெரும்பாலோர் குடும்பம் நடத்துகிறோம். 2023 ஜனவரி முதல் அந்த வெளியில் ஒரு சிறு பாலம் போட்டிருக்கிறார்கள். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்கலாம் என்றுதான் சொல்கிறது. என் தலைமை ஆசிரியரின் பென்சில் இப்போது சட்டத்தின் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பதற்கு முதலில் நோயைச் சொல்ல வேண்டும். அங்கேதான் நம்மவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

அடைப்பதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஒரு சனிக்கிழமை ஈப்போ பேருந்து நிலையத்தில் எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வியர்த்தது, கால் பின்னிற்று, நாக்குக் குழறிற்று, தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கடந்து போன ஒருவர் தமிழிலேயே, "காலையிலேயே ஊத்திக்கிட்டான்" என்று சொன்னது காதில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய தமிழன் தடுமாறினால் கள்ளுக்கடையோ சம்சுச் சாராயமோதான் காரணமாக இருக்கும் என்பது தோட்டத்திலிருந்து நாம் கொண்டுவந்த இன்னொரு பானை. கச்சான் பூத்தே என்னும் கடலை விற்கும் ஒரு கிழவர்தான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இது தண்ணி வேலை இல்ல, இனிப்புத் தண்ணி வேலை" என்று சொல்லிச் சர்பத்து வாங்கிப் புகட்டினார். அவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "வீட்டுல நாலு பேரு, வாத்தியாரே" என்றார்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் வைத்தியத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்யும் உழைச்செல்வான். பணிவிடை செய்பவனை மருத்துவனுக்குச் சமமாக ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்த அந்த நியாயத்தைப் பலமுறை வகுப்பில் வியந்து சொல்லியிருக்கிறேன். ஆனால் நோயுற்றவளே உழைச்செல்வாளாகவும் இருக்கும் வீட்டை அந்தப் பகுப்பு எப்படிக் கணக்கிடும்? என் மனைவி இருபது ஆண்டுகளாக என் மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வைத்தாள். அவளுக்கு இரத்தக் கொதிப்பு என்று, தற்செயலாக ஒரு கோயில் மண்டபத்து இலவசப் பரிசோதனையில் தெரிந்தது. "எத்தனை நாளாகத் தலை சுற்றுகிறது?" என்று கேட்டேன். "பெரியவன் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போதிலிருந்து" என்றாள். பெரியவன் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பெண்களுடைய பெரட்டு அடுக்களையில் நடக்கிறது. அங்கே பெயர் கூப்பிட கிராணிகூடக் கிடையாது, அவளே கூப்பிட்டு அவளே ஆஜராகிறாள்.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. ஆண்டுக்கு 156 முறை, 624 மணி நேரம், போகவர நேரம் தனி. லாரியை விட்டு இரவுக் காவலுக்குப் போகிறார். அவர் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நம் பாட்டிமார் வெட்டிய அதே பாலிலிருந்து உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கையுறை செய்து அனுப்புகிறார். காலையில் கணவர் வேலை முடிந்து வீடு திரும்ப, மனைவி வேலைக்குப் புறப்பட, வாசலில் இருவரும் சந்திக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் மோட்டார் சைக்கிள் சாவியும் பிள்ளையின் பள்ளிப் பையும் கை மாறுகின்றன. பத்து வயதுப் பெண் ஒருத்தி. தகப்பனுடைய கையில் ஊசி ஏற்றும் இரத்தக் குழாயின் மேல் விரலை வைத்து, அதில் இரத்தம் உறுமி ஓடுவதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாள். உறுமல் நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று தாதி சொல்லியிருக்கிறாராம். "அப்பா கைக்குள்ள பூனை இருக்கு சார்" என்று என்னிடம் சொன்னாள். பிள்ளைகளிடமிருந்து நோயை மறைக்க வேண்டும் என்று வாதிக்கும் நண்பர்களிடம் நான் தர்க்கம் செய்வதில்லை. அந்தப் பூனையைப் பற்றிச் சொல்கிறேன். என் பிள்ளைகளுக்கு நான் மறைத்தேன். அவர்கள் கழிப்பறையில் பிஸ்கட்டுத் தூளைப் பார்த்து, அப்பா திருட்டுத் தீனி தின்கிறார் என்று நினைத்தார்கள்.

இப்போது கடைத்தெருவில் ஒரு மாறுதலைக் காண்கிறேன். 'தே ஓ கோசோங்' என்று பாலும் சீனியும் இல்லாத தேநீரைச் சிலர் உரக்கவே கேட்கிறார்கள். அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குமா?" என்கிறார். "பன்னிரண்டு வருஷம்" என்று பதில். "எனக்குப் பதினெட்டு." அதற்கப்புறம் இருவரும் கிளினிக்கில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு, எந்தச் சப்பாத்து காலைக் கடிக்காது என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என் தாயாருக்கு அப்படி ஒரு மேஜை கிடைத்திருந்தால், பச்சை என்று சொல்லியிருக்கமாட்டாள் என்று எண்ணுகிறேன்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் கூட்டம் பத்து மணிக்கு என்று அச்சிட்டு, பத்தே முக்காலுக்குத் தொடங்கினோம். காலை ஏழரை மணிக்கு நான் போட்டுக்கொண்ட ஊசி ஒரு மணிக்குள் சோறு கேட்கும். இப்போதே விரல் நுனி லேசாக நடுங்குகிறது. தலைவர் அவர்கள் மணியை அடிப்பதற்கு முன் என் தேகம் அடித்துவிட்டது. முன்னொரு காலமாக இருந்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டு முடிக்கும் வரை பேசியிருப்பேன். இன்று உட்காருகிறேன். பின் வரிசையில் இருக்கும் என் மகள் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போவதைப் பார்க்கிறேன்.